சங்ககிரிக்காரியிடம் சொன்னது

அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வளவில் அவளைப் போலச் சிரித்தவர்கள் யாரும் இல்லை. ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம், நடுவில் பொதுக் கிணறு. காலையில் கிணற்றடியில் அவள் எதற்காவது சிரித்தால் தெருமுனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அவள் புருஷன் கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் டிரைவராக இருந்தார். சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. பஸ் மேடு ஏற முடியாமல் நின்று, டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ளிய கதையை அவள் வாரம் ஒரு தடவையாவது சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் ஒரு குழந்தை வந்து எதையாவது சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள். அதிலும் காசு பணத்தைப் பற்றிக் குழந்தைகள் எதையாவது சொல்ல வந்தால் கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனுஷர் யாரோ வந்துவிட்டது போலக் கேட்பாள்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் ஊர் சங்ககிரி. அதனால் எங்களுக்கெல்லாம் அவள் சங்ககிரிக்காரி. பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. குட்டையான உருவம். வெளிநாட்டு மாவு வராமல் போன அந்த வருஷங்களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் கொட்டகைகள் அங்கங்கே முளைத்தன. அப்படி ஒன்றில் அவள் வேலைக்குப் போனாள். சாயங்காலம் முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று மாவோடு வருவாள். வந்து குந்தியதும் வளவுக் குழந்தைகள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடும். என் மகன் வேலுவும்தான். அப்போது அவனுக்கு ஐந்து வயது.

வெறும் அசடு என்று நான் முதலில் நினைத்தேன். குழந்தைகள் சொல்வதை எல்லாம் நம்புகிறாளே, இவளுக்குக் கணக்கு வழக்கு தெரியாது போலிருக்கிறது என்று. ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு சந்தைக்குப் போன பிறகு அந்த நினைப்பும் போயிற்று. வெங்காயக்காரன் தராசை அழுத்திப் பிடித்ததை எட்டடி தள்ளி நின்றே பார்த்துவிட்டாள். அவன் வாங்கிய ஏச்சில் ஒரு கை வெங்காயம் கூடுதலாகவே போட்டான். இத்தனை விவரமானவள், என் பிள்ளை சொல்வதை மட்டும் எப்படித் தலையாட்டிக் கேட்கிறாள்?

என் பிள்ளை முதலில் என்னிடம்தான் சொன்னான். அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்த புதிது. என் வீட்டுக்காரர் நூல்கடை ஒன்றில் கணக்கு எழுதினார். ஒரு நாள் அந்த ஓட்டைக் காலணாவில் ஒன்றைக் கொண்டுவந்து வேலுவிடம் கொடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழைய காசில் ராஜா தலை இருக்கும். இதில் தலை இல்லை. மேலே சின்னதாக ஒரு கிரீடம் மட்டும் இருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். ஓடி வந்தான்.

"அம்மா, ராசா சண்டைக்குப் போயிட்டாரு."

"எந்த ராசாடா?"

"காசுல இருந்த ராசா. எந்திரிச்சுப் போன எடந்தான் இந்த ஓட்டை. கிரீடத்தை மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போயிருக்காரு பாரு."

நான் சிரித்தேன். எந்தத் தாய் சிரிக்காமல் இருப்பாள்? அள்ளி முத்தம் கொடுத்துவிட்டுச் சிரித்தேன். அவர் வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் கடையில் சொன்னார். ஆயுத பூஜைக்கு நாங்கள் கடைக்குப் போயிருந்தபோது முதலாளி பொரியும் கடலையும் கொடுத்துவிட்டு, "ஏண்டா தம்பி, நம்ம ராசா எங்கடா போயிட்டாரு? சொல்லு கேக்கலாம்" என்றார். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் கூட நின்று சிரித்தார்கள். வேலு அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். திரும்பி வரும்போது என் கையைப் பிடிக்காமல் அவனாகவே நடந்து வந்தான். பொரியைச் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாளோ அதற்கும் மறுநாளோ, நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு வாசல். வேலுவின் குரல் கேட்டது. அதே ராஜா, அதே ஓட்டை. நான் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். இப்போது சிரிக்கப் போகிறாள், கிணற்றடியில் சிரிப்பது போலச் சிரிக்கப் போகிறாள், என் பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் ஓடி வருவான் என்று காத்திருந்தேன்.

சிரிப்பு வரவில்லை. காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆமாஞ் சாமி. போய்த்தான் இருக்காரு" என்றாள். "கிரீடத்தைப் போட்டுட்டு எப்பிடி ஓடறது? தடுக்கி உழுந்துருவாருல்ல."

"எப்பத் திரும்பி வருவாரு பெரியம்மா?"

"சண்டை முடியோணுமே. அது வரைக்கும் காசைப் பத்தரமா வெச்சுக்க. வந்து பாத்தா அவரு எடம் அவருக்கு இருக்கோணும்."

அன்றைக்கு நான் ஆட்டிய மாவு சரியாகவே இல்லை. இட்லி கல் மாதிரி இருந்தது என்று அவர் சொன்னார்.

அதற்குப் பிறகு என் பிள்ளை சொன்னதை எல்லாம் நான் சுவர் வழியாகத்தான் கேட்டேன். அரையும் குறையுமாக. ஒரு நாள் நான் அரிசிக்காரியிடம் "விலை இப்பிடி ஏறிப் போச்சே" என்று அங்கலாய்த்தேன். சாயங்காலம் அவன் அவளிடம் போய், "பெரியம்மா, விலை ஏறிப் போச்சாமா. உங்க ஊரு மலைக்கா ஏறிப் போச்சு?" என்று கேட்டிருக்கிறான். சங்ககிரியில் மலைக்கோட்டை இருப்பதை அவள்தான் அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

"அங்கயும் போயிருக்கும் சாமி. ஆனா மேல தண்ணி கெடையாது. தாகம் எடுத்தா எறங்கித்தானே ஆவோணும்?"

"எறங்கி வந்தா அரிசி வாங்கலாமா?"

"வாங்கலாம். அது வரைக்கும் களி திங்கலாம்."

மூன்றாம் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது, ராசாத்தி என்று பெயர். அதன் அப்பா யாரிடமோ கடன் வாங்கிவிட்டு, வட்டி குட்டி போடுகிறது என்று புலம்பிக்கொண்டே இருப்பார். பணம் குட்டி போடும் என்று ராசாத்தி அதைக் கேட்டு முடிவு செய்துகொண்டாள். குட்டி போட வேண்டுமானால் வயிற்றுக்குள் இருக்க வேண்டும் அல்லவா? ஒரு காலணாவை விழுங்கிவிட்டாள். வீடு முழுக்க அழுகை. அம்மாக்காரி மாரில் அடித்துக்கொண்டாள். சங்ககிரிக்காரிதான் வந்து வாழைப்பழமாகக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் காசு கண்ணு முழுங்குன? ராசா தலை போட்டதா, ராணி தலை போட்டதா?"

ராசாத்தி யோசித்தாள். "மீசை இருந்துச்சுங்க."

"அப்ப ஆம்பளக் காசு. அது எப்பிடிக் குட்டி போடும்?"

ராசாத்திக்கு நியாயம் புரிந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, ராணி காசு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். "அது ஒருத்தர்கிட்டயும் இல்ல கண்ணு, எல்லாம் பொறந்த ஊட்டுக்குப் போயிருச்சு" என்றாள் இவள், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல். மறுநாள் காசு வெளியே வந்துவிட்டது. நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்களும் கிணற்றடியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவள் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்திக்கொண்டு போய்விட்டாள்.

என் பிள்ளையை என் பக்கம் திருப்ப நானும் என்னென்னவோ செய்தேன். கடலை உருண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மடியில் உட்கார வைத்து, "கண்ணு, காசைப் பத்தி அம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லு" என்றேன்.

"எதைச் சொல்றது?"

"எதையாச்சும். பெரியம்மாகிட்டச் சொல்லுவீல்ல, அந்த மாதிரி."

உருண்டையைத் தின்று முடிக்கும் வரை யோசித்தான். "அம்மா, காசு இருந்தா மிட்டாய் வாங்கலாம்" என்றான். இறங்கிப் போய்விட்டான். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் வீட்டுக்குப் போகாதே என்று ஒரு தடவை தடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் ஒரு வார்த்தையும் அதிகமாகப் பேசவில்லை. சோறு, தண்ணீர், வெளிக்கு வருகிறது. அவ்வளவுதான். மூன்றாம் நாள் நானே, "போய்த் தொலை" என்று விட்டுவிட்டேன்.

இது இப்படியே போயிருந்தால் நானும் பக்கத்து வீட்டுக்காரி மேல் இருந்த வழக்கமான எரிச்சல் என்று மறந்திருப்பேன். அந்த நோட்டு விஷயம் நடந்துவிட்டது.

முதலாளி ஒரு கட்டு நோட்டைக் கொடுத்து, மறுநாள் காலையில் திருச்செங்கோட்டுத் தறிக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருந்தார். பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் பாயில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்து கிடந்தன. "இது செல்லாது. இதுவும் செல்லாது" என்று தனியே எடுத்து வைத்தார். முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

வேலு அருகில் உட்கார்ந்திருந்தான். "ஏம்ப்பா, அதுக ரெண்டும் செல்லாதா?"

"செல்லாதுடா. ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

"அதுக பாவம் இல்லீங்களா?"

"ம்" என்றார் அவர், எண்ணுகிற கவனத்தில். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவர் காதிலும் அது விழுந்தது, ஆனால் நாங்கள் கேட்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் கட்டு இருந்தது, அந்த இரண்டு நோட்டும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தோம். பாயை உதறினோம். அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தேன். இருபது ரூபாய் என்பது அப்போது அவருக்கு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. அதைவிடப் பெரிய விஷயம், அது முதலாளி பணம். கிழிந்த நோட்டு காணாமல் போயிற்று என்று ஒரு கணக்கெழுதுகிறவர் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் முகம் வெளிறிப் போயிற்று. வேலுவைப் பார்த்தார்.

"நீ எடுத்தியா?"

வேலு சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் நின்ற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கடா வெச்ச?" என்றேன். கெஞ்சினேன். மிரட்டினேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தொட்டு அடிக்காத மனுஷர் அன்றைக்குக் கையை ஓங்கிவிட்டார். வேலு ஓடினான். நான் இங்கே நிற்கிறேன், அவனைப் பெற்றவள். என்னைத் தாண்டிக்கொண்டு ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

அவள் கொட்டகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்னதைக் கேட்டாள். சோற்றுத் தூக்குப்போசியை ஓரமாக வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் குந்தினாள். எடுத்தாயா என்று கேட்கவில்லை.

"சாமி, நோட்டு ரெண்டும் சௌரியமா இருக்குதுங்களா?"

"இருக்குது."

"மழை கிழை பேஞ்சா நனையாதே?"

"நனையாது. சூடா இருக்குது."

"பசிக்காதா அதுகளுக்கு?"

அவன் யோசித்தான். "நோட்டுக்கு வாய் இல்லீங் பெரியம்மா."

"அதுவுஞ் செரிதான். ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்துரலாமா?"

அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். "அம்மா சிரிக்கும். எல்லார்த்துகிட்டயும் சொல்லும்."

"சிரிக்க மாட்டேன் கண்ணு" என்றேன். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்கம்மா சிரிக்காம நாம் பாத்துக்கறேன், வா" என்றாள்.

என் பிள்ளைக்கு என்னைப் பற்றி அவள் ஜாமீன் கொடுத்தாள். அவன் ஒத்துக்கொண்டான்.

அவள் வீட்டு மூலையில் ஒரு கூடைக்குள் வைக்கோல் போட்டு அடைகாக்கும் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. வேலு நேராக அதன் முன்னால் போய் நின்றான்.

"அதுக செல்லாதுன்னு அப்பா சொன்னாரு. செல்லமே இல்லாத நோட்டாமா. ஒருத்தரும் வாங்க மாட்டாங்களாமா" என்றான், அவளிடம்தான். "இந்தக் கோழி வாத்து முட்டையை வெச்சாக் கூட வெச்சுக்குதுல்ல? அதான் இதுங்கிட்டக் குடுத்தேன். வெச்சுக்கிச்சு."

என் வீட்டுக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன். வேலு கண் கொட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல எடத்துலதான் குடுத்திருக்கற" என்றாள் அவள். "ஆனா சாமி, இதுகளுக்கு ஒரு ஊடு இருக்குதே. மொதலாளி ஊடு. காணமேன்னு தேடுவாருல்ல."

"அவருக்கு இதுக வேணுமா?"

"வேணுமாமா."

"கிழிஞ்சிருந்தாலும்?"

"கிழிஞ்சிருந்தாலும்."

அவனே கூடைக்குள் கையை விட்டான். கோழி ஒரு கொத்துக் கொத்தியது. கையை இழுக்காமல், கொத்து வாங்கிக்கொண்டே இரண்டு நோட்டையும் எடுத்துவிட்டான். எச்சம் அப்பி, வெதுவெதுப்பாக இருந்தன. அவன் அப்பாவிடம் நீட்டினான். ரத்தம் வந்த விரலை அவளிடம் காட்டினான். நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன்.

நோட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார். முதலாளி வாங்கிக்கொண்டு வேறு நோட்டு கொடுத்தாராம். அந்தப் பொம்பளை இல்லாவிட்டால் இன்றைக்கு என் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். நான் மறுநாள் பணியாரம் சுட்டு அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி என் எதிரிலேயே குழந்தைகளுக்குப் பங்கு வைத்தாள். எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பை ஊதும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது.

அந்தக் கோழி சங்கதியை நான் கிணற்றடியில் சொல்லவில்லை. என் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. அவன் கவனித்திருப்பான், சிரிக்கவும் இல்லை சொல்லவும் இல்லை என்று தெரிந்துகொள்வான், என்னிடம் வருவான் என்று காத்திருந்தேன். அவன் ஏற்கெனவே ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தான். இன்னொரு ஆள் அவனுக்குத் தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அவள் புருஷன் பஸ்ஸை விட்டுவிட்டுச் சங்ககிரியில் யாரோடோ சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கினார். அவர்கள் போய்விட்டார்கள். வண்டி தெருமுனை திரும்பியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். இனி அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவனுக்கு இனி நான்தான்.

வேலு அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். ஒரு நாள் ஓடி வந்தான். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. "அம்மா, காசைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சிரிக்கவே கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அறுபத்து நாலு காலணா" என்றான். "வாத்தியார் சொன்னாரு."

அது சரியான கணக்கு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவனுக்கு எல்லோரையும் போலக் காசு வெறும் காசு ஆகிவிட்டது. எனக்கு முறை வந்தபோது அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பின்கட்டில் காய் அரிந்துகொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அவள் இருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள்.

"ஏனுங்க்கா, என்னைத் தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன அம்மிணி. வேலு எப்பிடி இருக்கறான்?"

"வந்திருக்கறானுங்க, முன்னால அவங்கப்பாகூட இருக்கறான். பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கறானுங்க. கணக்குல அவந்தான் மொத மார்க்கு."

"நல்லாருக்கட்டும்" என்றாள். பக்கத்தில் ஒரு மணை இழுத்துப் போட்டாள். நானும் உட்கார்ந்து அரிந்தேன். ஊர்ப் பேச்சு எல்லாம் பேசினோம். எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டேன்.

"அக்கா, சின்னதுல அவன் உங்ககிட்ட என்னென்னமோ சொல்லுவானுங்களே. எனக்கு ஒண்ணு ரெண்டுதான் தெரியும். மிச்சமெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது. எல்லாமே இருக்குது."

"சொல்லுங்க்கா. கேக்கோணும்னு ஆசையா இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. "அது அவன் எங்கிட்டச் சொன்னது கண்ணு. அவன் சொல்லச் சொன்னாச் சொல்றேன்."

"நான் அவனைப் பெத்தவளுங்க."

"ஆமா. நீதான் பெத்த" என்றாள்.

சேலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வேலு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பதினோரு வயது. நான் மெதுவாகக் கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பெரியம்மாவிடம் காசைப் பற்றி என்னவெல்லாமோ சொல்வாயே, அதெல்லாம் என்ன? அதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாம் என்று அவர்களிடம் நீ சொல்வாயா?

அவன் நெற்றியைச் சுருக்கினான். நிஜமாகவே யோசித்தான்.

"நான் அப்பிடியெல்லாம் ஒண்ணும் சொன்னதில்லீம்மா" என்றான்.

நான் பெற்ற பிள்ளை ஐந்து வயதில் என்னவெல்லாம் நம்பினான் என்பது இப்போது ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கே தெரியாது. அவள் சங்ககிரியில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ காய் அரிந்துகொண்டிருக்கிறாள்.